பியூஸ் கட்டைக்கு ஒரு வலைப்பக்கம்

பிள்ளைகளே, போன ஆடி மாதம் முழுக்க நான் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு நீங்கள் காரணமில்லை.

எங்கள் பட்டறையில் பீங்கான் பியூஸ் கட்டை, இன்சுலேட்டர் என்று பல வகைச் சாமான்கள் செய்கிறோம். எது இருக்கிறது, எது இல்லை என்று கேட்டு முதலாளிக்கு ஓயாமல் போன் வரும். கம்ப்யூட்டர் சென்டரில் ஆறு மாதம் படித்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்.

"சாமான் பேரு, அளவு, இருப்பு. மூணும் நெட்டுல தெரியணும். ஆடி முடியறதுக்குள்ள பண்ணிடுங்க. இல்லன்னா வெளிய குடுத்துடுறேன், நீங்க பழையபடி சூளைக்கே போயிடுங்க."

சூளையில் பத்து வருடம் தட்டு அடுக்கித்தான் என் முதுகு போனது.

பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஆரம்பித்தேன். சென்டரில் கற்றது அதுதான். பட்டியலில் இருப்பதை எடுத்துப் பக்கத்தில் காட்ட அது தாராளமாகப் போதும். பாதி முடிந்தபோது சென்னையிலிருந்து உங்கள் மாமா வந்தான்.

"மச்சான், இந்தக் காலத்துல யாரு பிஎச்பில எழுதுறாங்க? பைத்தான்ல போடுங்க. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"யாருடா சிரிக்கப் போறா? எலெக்ட்ரிக் கடைக்காரரா?"

"உங்க இஷ்டம். பின்னாடி என்னைச் சொல்லாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தை உறுத்தியது. எழுதியதை ஓரமாக வைத்துவிட்டுப் பைத்தானை முதலிலிருந்து படித்தேன். இரண்டு வாரம் போனது. என் கம்ப்யூட்டரில் அழகாக ஓடியது. முதலாளி வாடகைக்கு எடுத்திருந்த சர்வரில் ஏற்றினால் ஓடவே இல்லை. கேட்டால், அந்த வாடகைக்கு பிஎச்பி மட்டும்தானாம். முதல் நாளே கேட்டிருக்கலாம். உங்கள் மாமாவிடம் சொன்னேன். "அப்ப சர்வர மாத்துங்க" என்றான். போனை வைத்துவிட்டேன்.

மிச்சமிருந்தது நான்கே நாள். பழையதையே தூசி தட்டினேன். அவசரத்தில், அச்சு அறைக்குப் போய் ஒவ்வொரு அச்சின் மேலும் எழுதியிருந்த அளவைப் பார்த்துப் பட்டியலில் ஏற்றினேன். பட்டறையில் எங்கள் பேச்சே அச்சு அளவில்தான். நாலு இன்ச் கட்டை என்றால் நாலு இன்ச் அச்சில் வார்த்தது. சூளையில் வெந்தால் மண் சுருங்கும், இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் கை அச்சு அளவைத்தான் எழுதியது.

ஆடி கடைசி நாளில் வலைப்பக்கம் நெட்டில் வந்துவிட்டது. முதலாளி சிரித்தார். அடுத்த வாரம் மங்கலம்பேட்டைக் கடைக்காரர் ஒருவர் வாங்கிப்போன பெட்டியோடு வந்து இறங்கினார்.

"நாலு இன்ச்சுன்னு போட்டிருக்கீங்க. நீங்களே ஸ்கேல வச்சிப் பாருங்க."

முதலாளி வைத்துப் பார்த்தார், நாலுக்குக் குறைவாகத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு வாரமா பைத்தான் பைத்தான்னீங்களே, அந்த நேரத்துல ஒரு ஸ்கேல எடுத்திருக்கலாமில்ல?"

வேலையை வெளியே கொடுக்கவில்லை. ஆனால் இப்போது நான் சூளை வாசலில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெந்து வரும் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து அளந்து எழுதுகிறேன். தட்டு அடுக்காததால் முதுகு தப்பியது, சூடுதான் தாங்கவில்லை. இன்னும் பாதி வகை பாக்கி.

நேற்று உங்கள் மாமா போன் செய்தான். ஏதோ புது மொழி வந்திருக்கிறதாம். கையில் கட்டை இருக்கிறது, அப்புறம் பேசு என்றேன்.