பொய்யாகச் சொன்ன வருத்தம்

செருப்பைக் கழற்றப் பார்த்தேன். கழலவில்லை. மனைவி குனிந்து பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, உதென்ன ரத்தம்?”

உடைமுள் ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது பாதத்தில் ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன்மேல்தான் நடந்திருக்கிறேன். நோகவே இல்லை. அவள் பிடுங்கியபோதும் நோகவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கொடிகாமத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் நான் விதானையாக (அரசாங்கத்தின் கிராம அலுவலர்) இருந்தேன். மறுநாள் ஆசுப்பத்திரியில் என் சிறுநீரை நீலக் கரைசலில் விட்டுச் சூடாக்கினார்கள். அது செங்கல் நிறமானது. நீரிழிவு (இரத்தத்தில் சர்க்கரை கட்டுமீறும் நோய், எங்கள் ஊர்ப் பேச்சில் சீனி வருத்தம்) என்றார் டொக்டர். கால் நரம்புகள் மரத்துப்போனதால்தான் முள் தெரியவில்லையாம்.

“உது இண்டைக்கு நேற்று வந்ததில்லை, விதானையார். ஏழெட்டு வருசமா உங்களுக்குள்ளை இருந்திருக்கு.”

அதைக் கேட்டதும் வருடங்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். காரணத்தைச் சொல்ல எனக்கு வெட்கம். சொல்லாவிட்டால் இதை எழுதிப் பயனில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரைக் கோப்பி கொடுக்காமல் அனுப்பமாட்டார்கள். மல்லியும் வேர்க்கொம்பும் (சுக்கு) சேர்த்து இடித்த கோப்பி. ஆனால் சாதி குறைவென்று எங்கள் ஆட்கள் ஒதுக்கிவைத்த வீடுகளில் நாங்கள் வாய் நனைப்பதில்லை. அதை முகத்துக்கு நேரே சொல்ல என்னைப் போன்ற உத்தியோகத்தருக்குக் கூச்சம். அதனால் ஒரு பொய் வைத்திருந்தேன்: “எனக்குச் சீனி வருத்தம், கோப்பி குடிக்கிறதில்லை.” கேட்பவர்களுக்கும் அது பொய்யென்று தெரியும். ஏழெட்டு வருடமாக அதைத்தான் சொல்லித் திரிந்தேன். சொன்ன நாளெல்லாம் அது உண்மையாகவே இருந்திருக்கிறது.

அந்த வீடுகளைத் தாண்டி எங்கள் ஆட்களின் வீட்டுக்கு வந்ததும், சீனி அள்ளிப் போட்ட கோப்பியை மடமடவென்று குடிப்பேன். ஒரு நாளில் எத்தனை வீடோ அத்தனை கோப்பி. யுத்தத்தால் சீனிக்குத் தட்டுப்பாடு வந்தபோது பனங்கட்டியைக் (கருப்பட்டி) கடித்துக்கொண்டு குடித்தேன். பனையிலிருந்து வருவது உடம்புக்கு நல்லது என்று மனைவிக்கு வேறு விளக்கம் சொன்னேன். பெரிய மேதாவி!

“அப்ப கோப்பியை விடவேணுமோ?” என்று டொக்டரைக் கேட்டேன்.

“கோப்பியிலை பிழையில்லை. வெறுங்கோப்பியாக் குடியுங்கோ. சீனியும் பனங்கட்டியும் தொடக்கூடாது.”

“பனங்கட்டியுமோ?”

“உங்கடை ரத்தத்துக்கு இரண்டும் ஒண்டுதான்.”

மருந்துக் குளிசை கிடைத்த மாதமும் உண்டு, கிடைக்காத மாதமும் உண்டு. புண் கறுத்தது. அந்தக் காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். வீட்டுக்குப் போகத் துண்டு எழுதி அனுப்பும்போது டொக்டர் என் இடது காலைத் தொட்டுச் சொன்னார்: “இனி இந்தக் காலைக் கவனமாப் பாருங்கோ. இதிலையும் நரம்பு மரத்துப்போச்சு. புண் வந்தால் விரலோடை நிக்காது.”

இதே வருத்தத்தோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தினமும் காலைக் கண்ணால் பாருங்கள். அது தானாக உங்களிடம் ஒன்றும் சொல்லாது.

சில மாதங்களின் பின், இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்தவர்களைப் பதியப் பூமணியின் வீட்டுக்குப் போனேன். நாங்கள் வாய் நனைக்காத வீடுகளில் அதுவும் ஒன்று. அவள் கணவன் கள் இறக்குபவன். முன்பெல்லாம் முற்றத்தில் நின்றபடியே எழுதிக்கொண்டு போய்விடுவேன். அவள் கோப்பி குடிக்கச் சொல்வாள், நான் பொய்யைச் சொல்வேன். அன்று நிற்க முடியாமல் மரவாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கோப்பி பற்றிக் கேட்கவே இல்லை.

“பூமணி, வெறுங்கோப்பி கொஞ்சம் தாரும்.”

நிமிர்ந்து பார்த்தாள். “ஐயாவுக்குச் சீனி வருத்தமெல்லோ?”

“ஓம். இப்ப மெய்யாவே வந்திட்டுது.”

“வருத்தம் வந்தாப் பிறகுதானோ எங்கடை கோப்பி தொண்டையாலை இறங்கும்?”

ஆனாலும் கொண்டுவந்தாள். கசப்பும் மல்லி வாசமுமாக நன்றாக இருந்தது. இத்தனை வருடம் இதை வேண்டாமென்றேனே என்று துக்கமாகவும் இருந்தது. தகரப் பேணி காலியானதும், கேட்காமலே கேத்தலிலிருந்து இன்னொரு தரம் ஊற்றினாள். பேணியை வாங்கின் ஓரத்தில் வைத்துவிட்டுப் பதிவுப் புத்தகத்தைத் திருப்பினேன். முழங்கை பேணியில் பட்டிருக்க வேண்டும்.

“ஐயோ, கால்! கொதிக்கக் கொதிக்க ஊத்துப்பட்டிட்டுதெல்லே! சுடேல்லையோ?”

குனிந்தேன். இடது பாதத்தின்மேல் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“சுடேல்லை” என்றேன்.

இந்தத் தடவை அவள் என்னை நம்பினாள். குடத்தைத் தூக்கிவந்து பாதத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்தத் தண்ணீர் குளிர்ந்ததா என்றும் எனக்குத் தெரியவில்லை.

கால் சுட்டு இன்று பதினோராவது நாள். கொப்புளம் உடைந்துவிட்டது. விழித்ததும் நான் கிழமையைப் பார்ப்பதில்லை, புண்ணின் ஓரத்தைத்தான் பார்க்கிறேன். நேற்றுச் சிவப்பாக இருந்தது. இன்றைக்கு வெளிச்சம் போதாமல் நிறம் தெரியவில்லை என்று மனைவி சொன்னாள். ஜன்னல் முழுக்கத் திறந்துதான் இருந்தது.