சிவப்பு விளக்கும் சந்தனப் பொட்டும்

என் காருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. பேட்டரிக்குக் கரண்ட் ஏறவில்லை என்றால் எரிய, டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கு உண்டு. சாவியைத் திருப்பியதும் அது எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சென்ற ஆண்டு மழை மாதத்தில் அது அணைய மறுத்தது. மங்கலாக எரிந்துகொண்டே வரும். ஹெட்லைட்டையும் வைப்பரையும் போட்டால் பிரகாசமாகும்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டரசு நெடுஞ்சாலையில், கொட்டும் மழையில், வைப்பர் மெல்ல மெல்ல ஆடி நின்றது. அடுத்த நிமிடமே காரும் நின்றது. பங்சாரில் இருக்கும் தன் அலுவலகத்திலிருந்து மகன் வந்து அழைத்துப் போனான். வாசலில் என்னை இறக்கிவிட்டுச் சொன்னான்.

"இன்னொரு தடவ நின்னா வித்துடலாம்மா. டெங்கில் ஊர்ல ஒருத்தர் கார விலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு."

என் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து, கிள்ளானில் இருக்கும் தங்கை வீட்டுக்கு வெள்ளிதோறும் போய்வருகிறேன், யாரையும் கேட்காமல். கார் போனால் அந்தக் 'கேட்காமல்' போய்விடும். பயமாக இருந்தது. பயந்தால் எனக்குக் கத்தத்தான் வரும். அவன்மேல் கத்தினேன்.

என் மெக்கானிக் கிள்ளானில் இருக்கிறார். தமிழ் முஸ்லிம், அதிகம் பேசாதவர், இருபது வருடப் பழக்கம். முதலில் பேட்டரியை மாற்றினார். அடுத்த வாரம் பெல்ட்டை இறுக்கி, ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் புதுப்பித்தார். விளக்கு அசரவில்லை. "வேல தெரியலன்னா சொல்லிடுங்க" என்று ஒர்க்‌ஷாப்பில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

மூன்றாவது முறை மீட்டரை எடுத்தார். எஞ்சினை ஓடவிட்டு ஆல்டர்னேட்டரில் வைத்துப் பார்த்தார், பிறகு பேட்டரியில் வைத்துப் பார்த்தார்.

"அங்க பதினாலு வோல்ட் இருக்குக்கா. இங்க பன்னெண்டரதான் வந்து சேருது. நடுவுலதான் பிரச்சன."

எஞ்சினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரிடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஆல்டர்னேட்டர் வயரும் பேட்டரி வயரும் சேரும் போல்ட். ஆயுத பூஜைக்கு நான் சந்தனப் பொட்டு வைக்கும் இடம் அதுதான். பேட்டரி மாறிக்கொண்டே இருக்கும், இது மாறாது என்று நானே தேர்ந்தெடுத்தது. பன்னீரில் குழைத்து, பழையதைத் துடைக்காமல் அதன் மேலேயே வருடாவருடம் வைத்து, போல்ட்டே தெரியாத அளவுக்குத் தடித்திருந்தது.

"பேட்டரி வயர கழட்டிட்டேன். நீங்களே தொடச்சிடுங்கக்கா."

துடைத்தேன். வருடக்கணக்கில் பன்னீர் ஈரம் இறங்கி, அடியில் பச்சைக் களிம்பு. அவர் நட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முடுக்கினார். எஞ்சின் ஓடியதும் விளக்கு அணைந்தது. ஹெட்லைட், வைப்பர், ஹாரன் எல்லாம் போட்டுப் பார்த்தேன். அணைந்தே இருந்தது.

"மொதல்லயே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"சாமி விஷயம்னு விட்டுட்டீங்களா?"

அவர் கையைத் துணியில் துடைத்தார். "சாமி ஒன்னும் சொல்லியிருக்காதுக்கா. உங்களுக்குத்தான் பயந்தேன்."

கோபம் வந்தது, யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சில வருடங்களுக்கு முன், கார் கழுவியவர் பொட்டை அழித்துவிட்டார் என்று இதே ஒர்க்‌ஷாப்பில் அரை மணி நேரம் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருக்கிறேன். அன்று இவர் ஸ்பேனரோடு பக்கத்தில்தான் நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டு, கார் சரியாகிவிட்டது, டெங்கில்காரருக்குச் சொல்லிவிடு என்றேன். பிறகு, வழக்கமில்லாமல், கேட்டேன்.

"எங்கிட்ட சொல்லாம வச்சிருக்கிறது ஏதாவது இருக்கா?"

"கத்தமாட்டீங்களே?"

"இல்ல."

"டெங்கில்ல கார் கேட்டு யாரும் இல்லம்மா, சும்மா சொன்னேன். அன்னிக்கு மழையில, லோரிங்க நடுவுல உங்க காரப் பாத்ததும் பயந்துட்டேன்மா. அத சொல்லத் தெரியல."

நான் கத்தவில்லை. தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் போன் செய்வதாகச் சொன்னேன். செய்தேன்.