அருள்மேரி அக்கா கேட்டு வாங்கிய நாளை

செய்தி வந்தபோது நான் மருத்துவமனை கேண்டீனில் சேகருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். காலை நேரம். அவன் முன்னால் வைத்த ரொட்டி சானாயை அவன் தொடவே இல்லை. போனில் அக்காவின் மகள் ஸ்டெல்லா. "அங்கிள், அம்மா போயிட்டாங்க. தூக்கத்துலேயே. விடிஞ்சு எழுப்பப் போனேன்..." அடக்கம் எப்போது என்பதையும் அழுதபடியே சொல்லி முடித்தாள். "சரிம்மா, வர்றேன்" என்று சொல்லிப் போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். சேகர் என் முகத்தையே பார்த்தான். அவன் அங்கே காத்திருந்ததே அருள்மேரி அக்காவுக்காகத்தான்.

முப்பதாம் நாள் பூசைக்கு வரும் உங்களில் பலர் அக்காவைச் செனாயில் உள்ள ஒரு தொழிற்சாலையின் சூப்பர்வைசராக அறிவீர்கள். கோயில் பாடகர் குழுவில் சுருதி தப்பிப் பாடியவராக அறிந்தவர்களும் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு கூலாயில் ஒரு கடைவீட்டின் மாடியில் அவர் என்ன நடத்தினார் என்பது எல்லாருக்கும் தெரியாது. ஞாயிறு பத்திரிகைகளில் நான் கதை எழுதுகிறவன் என்பதால், எழுதும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். சேகரின் கதையைச் சொன்னால் அக்காவைச் சொன்னது போலத்தான்.

அக்கா இறப்பதற்கு முதல் நாள் கெலாங் பாத்தாவில், கார் கழுவும் கடை வாசலில், சேகரின் தம்பியை யாரோ சுட்டுவிட்டார்கள். வயிற்றில் குண்டு. அறுவை சிகிச்சை செய்து பிழைக்க வைத்தார்கள். யாரோ என்று நான் எழுதுகிறேன். சேகருக்கு ஆள் தெரியும், அவன் இருக்கும் இடமும் தெரியும். தனக்கும் துப்பாக்கி கிடைக்கும் என்று என்னிடமே சொன்னான். அவன் புறப்பட்டுப் போனால் இன்னொரு வீட்டில் சாவு விழும், இவன் ஆயுசு முழுக்கச் சிறைக்குள் கிடப்பான். அன்று மாலை நான் அக்காவை அழைத்து, போனை அவன் காதில் வைத்தேன்.

"சேகரு, நாளைக்குக் காலையில நான் வர்றேன். என் மூஞ்சிய பார்த்துட்டு அப்புறம் எங்க வேணும்னாலும் போ. அதுவரைக்கும் அங்கயே இரு" என்றார் அக்கா. "சரி ஆன்ட்டி" என்றான் சேகர். அவன் அம்மா தொழிற்சாலையில் அக்காவின் லைனில் வேலை செய்தவர். அந்த அம்மா இறந்தபோது முதலில் வந்து நின்றவரும் அக்காதான்.

கூலாய் மாடியில் அக்கா நடத்திய எங்கள் வேலையே இதுதான். சுட்டாலும் பாராங் கத்தியால் வெட்டினாலும், அடுத்த அடி விழுவதற்குள் கோபக்காரன் பக்கத்தில் போய் உட்காருவது. போலீஸ் வேலை போலீசுக்கு. நாங்கள் துப்பு கொடுப்பதும் இல்லை, யாரையும் ஒளித்து வைப்பதும் இல்லை. இதற்கு ஆட்களைத் தயார் செய்ய வேண்டும், தையல் வேலைக்கும் வெல்டிங் வேலைக்கும் பழக்குவது போலப் பழக்க வேண்டும் என்று இங்கே நான் அறிய முதலில் சொன்னவர் அவர்.

அந்த எண்ணம் வந்தது ஒரு கைகுலுக்கலில். நல்ல மனம் கொண்ட சிலர், அடித்துக்கொண்ட இரண்டு கூட்டத்தையும் மண்டபத்துக்கு அழைத்து, மாலை போட்டு, மேடையில் கை குலுக்க வைத்தார்கள். படம் பத்திரிகையில் வந்தது. அந்தப் படத்தைக் காட்டிக் காட்டியே இரு பக்கத்துப் பையன்களையும் அவரவர் ஆட்களே கேலி செய்தார்கள். அடுத்த வாரம் பாலோ ஊர்ப் பக்கம் ஒருவன் மேல் துப்பாக்கிச் சூடு விழுந்தது. அந்த விழாவில் தேநீர் பொறுப்பு அக்காவிடம் இருந்தது. "கை குலுக்க வெச்சது நம்ம ஆசைக்கு. அவனுங்களுக்கு அது அவமானம். சமாதானம் பண்ண நாம யாரு? நாளைக்குன்னு ஒரு வார்த்தை வாங்க முடியுமா, அதைப் பார்ப்போம்" என்று என்னிடம் சொன்னார். அவரது தொழிற்சாலையின் பஸ்ஸை ஓட்டியவன் நான். வண்டியில் யாரும் இல்லாத நேரங்களில் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து இப்படி ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார்.

எனக்கு மூக்குமேல் கோபம். பஸ்ஸை உரசிக்கொண்டு போன லாரிக்காரனோடு நடுரோட்டில் நான் கத்தியதை அவர் பார்த்திருக்கிறார். அப்படியிருந்தும் முதல் ஆளாக என்னைத்தான் கூப்பிட்டார். "அக்கா, நான் போனா சண்டை பெருசாயிரும்" என்றேன். "உன் கோபம் மூஞ்சில தெரியுது. தெரியுற கோபத்தைப் பழக்கிரலாம். சிரிச்சிக்கிட்டே இருக்கானே, அவன்தான் எனக்குச் சரிப்பட மாட்டான்" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பயிற்சி மாதக்கணக்கில் நடக்கும். அதுவரை யாரும் வெளியே போகக் கூடாது. இரண்டு நாற்காலி. ஒன்றில் நாம், மற்றொன்றில் கோபக்காரன். கோபக்காரனாகப் பெரும்பாலும் அக்காவே நடிப்பார். ஐந்தடி உயரம், தொழிற்சாலைக் காலத்துச் சப்பாத்து, கையில் பால் கலக்காத கோப்பி ஓ. திடீரென்று தமிழிலும் மலாயிலும் அவர் வாயில் வரும் வசவுகளைக் கேட்டால் பங்குச்சாமியார் மயங்கி விழுந்திருப்பார். அவரிடமிருந்து "நாளைக்கு" என்ற வார்த்தையை நாம் வாங்க வேண்டும். வழியை மறிக்கக் கூடாது, கையைப் பிடிக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. நான் ஒரு முறை பொறுக்க முடியாமல் திருப்பிக் கத்திவிட்டேன். அக்கா சட்டென்று வசவை நிறுத்தி, கோப்பியை ஒரு வாய் குடித்தார். "அவன் போயிட்டான். நீ போய் மூஞ்சி கழுவிட்டு வா, மறுபடி ஆரம்பிப்போம்." அன்று மட்டும் நான் பல முறை முகம் கழுவினேன்.

"பெருசா கேக்காத. அவனால கொடுக்க முடிஞ்சத கேளு" என்பது அவர் அடிக்கடி சொன்னது. பழிவாங்காதே என்று கேட்டால் எவனும் தர மாட்டான். சாயங்காலம் வரை இரு என்று கேட்டால் சிலர் தருவார்கள். சாயங்காலம் வந்ததும் மறுபடி கேட்க வேண்டும்.

நன்கொடை விருந்து ஒன்றில் தலைமை தாங்க வந்த டத்தோ பட்டக்காரர் ஒருவர், "உங்ககிட்ட எத்தனை தொண்டர்கள்மா?" என்று அன்பாகக் கேட்டார். "தொண்டர் யாரும் இல்ல டத்தோ. எல்லாரும் சம்பள ஆளுங்க. ஈபிஎஃப் கட்டுறோம், லீவு கொடுக்கிறோம்" என்றார் அக்கா. டத்தோவின் முகம் கொஞ்சம் வாடியது. சேவை என்று எழுதினால் நன்கொடை கூடும் என்று நாங்கள் பிறகு சொல்லிப் பார்த்தோம். "சேவைன்னு வர்றவன் மனசு நொந்தா போயிருவான். வேலைன்னு வர்றவன் நொந்தாலும் திங்கக்கிழமை வருவான். எனக்குத் திங்கக்கிழமை ஆள் வேணும்" என்றார். சிங்கப்பூர்ச் சம்பளத்துக்கு எங்களில் சிலர் போனபோது ஒருவரையும் அவர் குறை சொல்லவில்லை. அடுத்த ஆளுக்கு நாற்காலியைப் போட்டார்.

ஹமீதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், கூலாயில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம். மாதக்கணக்கில் அவன் பேசிப் பேசிப் பிடித்து வைத்திருந்த ஒருவரை யாரோ சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அடுத்த நாள் காலையிலேயே ஹமீது வேலைக்கு வந்து நின்றான். அக்கா அவன் மோட்டார் சைக்கிள் சாவியை வாங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டினார். "மெஷின் சூடானா லைனை நிறுத்துறோம். நீ என்ன மெஷினைவிட மட்டமா? வீட்டுக்குப் போ, அழு, தூங்கு" என்று சொல்லி, என் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். வழியெல்லாம் அவன் அழுதான். நானும் அழுதேன்.

இரண்டு விஷயங்களில் அவர் கண்டிப்பு. முதலாவது தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தது. மாற்று ஆள் வந்து உட்காரும்வரை நாற்காலியை விட்டு எழக் கூடாது. மற்றது, பொய் சொல்லக் கூடாது. எங்களில் ஒருவர் (பெயர் வேண்டாம், அவரும் இதைப் படிப்பார்) கோபத்தில் கிளம்பிய ஒருவனிடம், "உங்கம்மா மயங்கி விழுந்துட்டாங்க" என்று சொல்லி வீட்டுக்குத் திருப்பிவிட்டார். அன்றைக்குப் பலித்தது. அதற்குப் பிறகு அவன் எங்கள் யார் போனையும் எடுக்கவில்லை. "பொய் ஒரு நாளைத்தான் வாங்கித் தரும் லா. அப்புறம் கடையையே மூடிட்டுப் போகணும்" என்றார் அக்கா.

கேண்டீனில், கவிழ்த்து வைத்த போனுக்கு முன்னால், இந்த இரண்டும் என்னைக் கட்டிப் போட்டன. எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது, ஆனால் மாற்று ஆளான ஹமீது வர இன்னும் நேரம் இருந்தது. "அக்கா மத்தியானம் வருவாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சேகர் மத்தியானம் வரை இருப்பான். உண்மையைச் சொன்னால் அவனைப் பிடித்து வைத்திருந்த ஒரே கயிறும் அறுந்துவிடும். அக்காவின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்றைக்குத்தானா போக வேண்டும்?

"என்ன அண்ணே?" என்றான் சேகர்.

"அக்கா வர மாட்டாங்கப்பா. விடியக்காலையில இறந்துட்டாங்க."

அவன் எழுந்து மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தான். நான் வழியை மறிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. கேட்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. கண்ணீர் அதன் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

"நீங்க போகலையா அவங்க வீட்டுக்கு?" என்று கேட்டான்.

"ஹமீது வர்ற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. அக்கா ரூல்."

"அவங்கதான் செத்துட்டாங்களே."

"ஆமா" என்றேன்.

சாவியை விரலில் மாட்டியபடி நின்றான். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் சாப்பிட்டு முடித்து எழுந்து போனது. அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"அடக்கம் எப்போ?"

"நாளைக்கு" என்றேன். வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது என்ன வார்த்தை என்று எனக்கே உறைத்தது.

சேகர் உட்கார்ந்தான். "சரி. அடக்கம் முடியட்டும்" என்றான். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான்.

ஹமீது வந்தான். விஷயம் அவனுக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளவில்லை. சேகர் எப்படி இருக்கிறான், தம்பிக்கு டாக்டர் என்ன சொன்னார், அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஒப்படைத்தேன். அவன் என் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டேன். அக்காவின் சாவுக்குத் தாமதமாக வந்தவன் என்று அன்று சிலர் என்னைக் குறை சொன்னார்கள். அவர்களுக்கு இதுதான் என் பதில்.

அடக்கத்தன்று சேகர் கூடாரத்தில் நாற்காலி போட்டான், கல்லறையில் மண் போட்டான். எல்லாரும் கலைந்ததும் கல்லறைத் தோட்டத்து வாசலில் என் பக்கத்தில் வந்து, "முடிஞ்சிருச்சு அண்ணே" என்றான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. "ஏழாம் நாள் ஜெபம் இருக்கு. நாற்காலி தூக்க ஆள் இல்ல" என்றேன். அது உண்மைதான். ஏழாம் நாள் வந்தான். அன்றைக்கு முப்பதாம் நாள் பூசையைப் பற்றிச் சொன்னேன். இதற்கிடையில் அவன் தம்பி எழுந்து நடக்கத் தொடங்கி வீட்டுக்கு வந்துவிட்டான். சேகரின் கோபம் போய்விட்டது என்று நான் எழுத மாட்டேன். போகவில்லை. அக்காவிடம் வேலை பழகியவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவருடைய இரண்டு நாற்காலிகள். கூலாய் மாடியில் அவை அப்படியே கிடக்கின்றன. அடுத்த பயிற்சிக்கு ஆட்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கோபக்காரனாக இனி நான்தான் நடிக்க வேண்டும். வசவில் அவர் அளவுக்கு வராது, ஆனால் முயற்சி செய்வேன். அவரை நினைத்து அழுகை வரும்போது போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி உட்காருகிறேன்.

நேற்று பூசைக்காகக் கோயில் மண்டபத்தைத் தயார் செய்தோம். சேகர் நாற்காலிகளை வரிசையாக அடுக்கிவிட்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். விளையாட்டு அவனுக்கும் புரிந்திருக்கிறது என்று நினைக்கிறேன். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை.

"இதுக்கப்புறம் என்ன அண்ணே?"

"வருஷப் பூசை" என்றேன்.

"அலமாக், அவ்ளோ நாளா" என்றான். பிறகு மிச்சமிருந்த நாற்காலிகளை எடுக்கப் போனான்.