அம்மா வழி ரத்தம்

என் சித்தி மகளின் வயதை அவளைப் பெற்றவளைவிட நான்தான் சரியாகக் கணக்கு வைத்திருந்தேன். பாசத்தால் அல்ல. அவளுக்குப் பன்னிரண்டு முடிந்ததிலிருந்து காத்திருந்தேன். பதின்மூன்று போனது, பதினான்கு போனது, பதினைந்தும் போனது. சித்தி வீட்டிலிருந்து மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகை வரவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும், "சின்னவ எப்படிம்மா இருக்கா?" என்று அம்மாவிடம் ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பேன். "இன்னும் ஒண்ணும் இல்லியாம்" என்று அம்மா சொல்லும்போது ஏதாவது பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன். என் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அம்மா பார்த்துவிடக் கூடாது.

ஒரு சின்னப் பெண் விஷயத்தில் இப்படியும் நினைக்கலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்கு முன்னால் எனக்குப் பதினாறு வயதில் முதலியார்பேட்டை கல்யாண மண்டபத்தில் நடந்ததையும் கேட்டுவிடுங்கள்.

நான் வயசுக்கு வரவில்லை. மற்றபடி எந்தக் குறையும் இல்லை. வகுப்பிலேயே உயரமானவள் நான்தான். முகத்தில் ஒரு பரு கிடையாது. "எந்த சோப்புடி போடுற?" என்று சித்தியே என்னைக் கேட்டிருக்கிறாள். என் வயதுப் பெண்களுக்கெல்லாம் மஞ்சத்தண்ணி ஊற்றி முடித்து, அவர்களின் தங்கைகளுக்கும் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் அம்மாவை ஓரம் கட்டி அதே கேள்வி. அம்மா எள் உருண்டை, பப்பாளி, நாட்டு மருந்து என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில் ஊர் வாயை அடைக்க ஒரு காரியம் செய்தாள். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் பெரிய மனுஷி ஆகிவிட்டதாக எல்லோருக்கும் போன் போட்டாள்.

பொய்யை அம்மா ஒழுங்காகத்தான் செய்தாள். தாய்மாமாவை வரவழைத்துத் தென்னை ஓலையில் சின்னக் குடிசையாகக் குச்சு கட்ட வைத்தாள். என்னைத் தனியாக உட்கார வைத்து, தனித் தட்டும் தம்ளரும் கொடுத்தாள். மண்டபம் பிடித்து, வாசலில் என் படம் போட்ட ஃபிளெக்ஸும் வைத்தாள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வேலை பார்த்த கம்பெனியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றார்.

அம்மா மறந்தது ஒன்றே ஒன்று. எங்கள் வழக்கத்தில், முதல் நாள் பெண் உடுத்தியிருந்த துணியை ஊரில் துணி வெளுக்கும் அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் விழா அன்று அவருக்குப் புடவை வைத்துக் கொடுப்பது. வில்லியனூர் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அந்த அம்மாவை அழைத்து வந்து, தட்டில் புடவையும் வைத்தாகிவிட்டது. துணி மட்டும் அவர் கைக்குப் போகவே இல்லை. நடக்காத ஒன்றுக்கு ஏது துணி?

சித்தி அதைப் பிடித்துக்கொண்டாள். நான் மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்ந்திருந்தேன். நலங்கு வைக்க வந்தவள், கன்னத்தில் சந்தனம் தடவுவதற்கு முன்பு கீழே திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஏம்மா, மொத நாள் துணி உங்கிட்ட வந்துச்சா?"

அந்த அம்மா பாவம், சூது தெரியாதவர். "இல்லியேம்மா. எங்கிட்ட ஒண்ணுமே குடுக்கலியே" என்றார்.

சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. "ஊரைக் கூட்டி வெச்சுப் பொய் சொல்றியாக்கா? ஒம் பொண்ணு பொண்ணுதானான்னு மொதல்ல பாரு." பிறகு வாசலில் நின்ற அப்பாவைக் கையால் காட்டி, "மாமா வம்சத்துல என்ன ரத்தம் ஓடுதோ, யாரு கண்டா" என்றாள்.

சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டு போனார்கள். சாப்பிடாதவர்கள் சாப்பிடாமலே போனார்கள். மாலையை நானேதான் கழற்றினேன். அன்றிலிருந்து அம்மா வீட்டு உறவில் எந்த விசேஷத்துக்கும் அப்பா போனதில்லை.

அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. என் ஃபைலைச் சுற்றி டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எப்போதும் நிற்பார்கள். உடம்பால் ஒருத்தி பெண்ணாகிறாளா, வளர்ப்பால் ஆகிறாளா என்று என் தலைக்கு மேல் அவர்கள் பேசிக்கொள்வார்கள். கவுன்சலிங் அறையில் இருந்த இளைஞர் நான் சின்ன வயதில் பொம்மை வைத்து விளையாடினேனா, கார் வைத்து விளையாடினேனா என்று கேட்டு எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டில் பொம்மையும் கிடையாது, காரும் கிடையாது. மாவு மில்லுக்குப் போய் வரிசையில் நிற்பதுதான் என் விளையாட்டு என்றேன். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெரிய டாக்டரம்மாதான் புரிகிற மாதிரி சொன்னார். "ஒன் குரோமோசோம் ஆம்பளப் புள்ளைக்கு இருக்கற மாதிரி இருக்கும்மா. ஆனா ஆண் ஹார்மோன் என்ன சொன்னாலும் ஒன் உடம்பு காதுல வாங்கல. அதனால வயித்துல இருக்கும்போதே பொண்ணாத்தான் வளந்திருக்க. கர்ப்பப்பை மட்டும் இல்ல."

பரு வராததற்கும் அதுதான் காரணம். சோப்பு இல்லை.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. "இது எங்கேருந்து வந்துச்சு டாக்டர்?" அவர் ஒரு தாளில் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமுமாகப் போட்டு, கோடு இழுத்துக் காட்டினார். சில குடும்பங்களில் புதிதாகவும் வரலாம். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு எடுத்த டெஸ்டில் தெளிவாகிவிட்டது. அம்மா வழி. அம்மாவுக்கு அவள் அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். அப்பாவின் சதுரத்திலிருந்து எனக்கு ஒரு கோடும் வரவில்லை. கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, வெளியே வந்ததும் அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"சித்திகிட்ட நேரா போய்ச் சொல்லப் போறேன்" என்று குதித்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவளும் பொண்ணு பெத்து வெச்சிருக்கா. கைக்கொழந்த. இப்பவே அவ வயித்துல நெருப்ப அள்ளிக் கொட்டாத." அம்மாவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கைக்குழந்தையின் வயதை எண்ணத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஐந்து வருடம் முன்பு அப்பா இறந்துபோனார். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தோம். சித்தி வந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம், "அந்த வம்சம் அவரோட முடிஞ்சிச்சு. அதுவும் நல்லதுதான்" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டதாக அவளுக்கு நினைப்பு. அப்பாவின் தலைமாட்டில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்டது. இவளை ஒருநாள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்காமல் விடுவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

இப்போது நான் ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்கு உயிரியல் எடுக்கிறேன். ஆண் என்றால் எக்ஸ் ஒய், பெண் என்றால் இரண்டு எக்ஸ் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். அதை எழுதுகிறவள் அதில் எந்தப் பக்கமும் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கூட வேலை பார்க்கும் தமிழ் டீச்சரிடம் நீங்கள் ஏன் பெண்ணாக இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என்னிடம் மட்டும் உடம்புக்காரர்கள் ஒரு காரணம் சொன்னார்கள், மனசுக்காரர்கள் ஒரு காரணம் தேடினார்கள். சித்தி ஒருத்திதான் பழி சொன்னாள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தி வந்தாள். லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில், தனியாக. அம்மா அப்போது கோயிலுக்குப் போயிருந்தாள். அது தெரிந்துதான் வந்திருக்க வேண்டும்.

"சின்னவளுக்குப் பதினாறு முடியப் போவுது" என்றாள்.

"தெரியும் சித்தி" என்றேன்.

"அடுத்த மாசம் மஞ்சத்தண்ணி வெச்சிடலாம்னு இருக்கேன். வெளுக்கறவங்ககிட்டக்கூடப் பேசிட்டேன்." சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள். "அதுக்கு முன்னாடி... அன்னிக்கு நீ பாத்தியே, அந்த டாக்டரு யாருன்னு சொல்லேன்."

இதற்குத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். அப்போதும் அவசரப்படவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, ஒரு வெள்ளைத்தாளை எடுத்து எதிரில் உட்கார்ந்தேன். அம்மாவைப் பெற்ற ஆயாவுக்கு ஒரு வட்டம் போட்டேன். கீழே அம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு ஒன்று. பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதைப் போல நிறுத்தி நிதானமாகக் கோடு இழுத்தேன். சின்னவளுக்கு வேறு காரணம்கூட இருக்கலாம், டெஸ்ட் எடுக்காமல் சொல்ல முடியாது என்றும் சொன்னேன். அதை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன்.

"எங்கிட்டேருந்தா?" என்றாள்.

"ஒங்ககிட்டேருந்துதான் வரும்."

"அப்ப மாமா வழி..."

"எங்கப்பா வழியில ஒண்ணுமே இல்ல சித்தி. அது அவருக்கும் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் வாயைத் தெறக்காம போய்ச் சேந்தாரு."

சித்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் எழுந்து தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. என் வயிறு அப்படிக் குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அந்தப் பகல் முழுக்க எனக்கு நல்ல பசி.

சின்னவளை நானே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதாக ஒப்புக்கொண்டேன். ஒரே ஒரு நிபந்தனை. அவளுக்கு எல்லாவற்றையும் நான்தான் சொல்வேன், நடுவில் யாரும் வரக் கூடாது. சித்தி தலையாட்டினாள். நான் எல்லாம் என்று சொன்னது எதையெல்லாம் என்று அவள் கேட்கவில்லை.

ரிசல்ட் வந்த அன்று மூன்று பேரும் போனோம். எனக்கு வந்ததேதான். சித்தியை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டாக்டர் அறையை ஒட்டிய சின்ன அறையில் சின்னவளிடம் சொன்னேன். என்னைப் போலவே உயரம். என்னைப் போலவே பரு இல்லாத முகம். அந்த முகத்தை இத்தனை வருடம் நான் எதற்காகப் பார்த்துவந்தேன் என்பது அவளுக்குத் தெரியாது.

"அப்ப நான் பொண்ணு இல்லியாக்கா?"

"பொண்ணுதான்டி. என்னைப் பாரு. நான் எப்படியோ அப்படித்தான் நீயும்."

கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, இனி என்ன மாத்திரை, ஆபரேஷன் உண்டா, கல்யாணம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன். எனக்கு யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

"ஒனக்கு இப்படின்னு தெரிஞ்சப்ப வீட்டுல எல்லாரும் என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். மண்டபத்தைச் சொன்னேன். மேடையையும் துணியையும் சிரிப்பையும் சொன்னேன். அப்பாவின் தலைமாட்டில் கேட்டதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவும் இல்லை. சித்தி பேசியதைச் சித்தியின் குரலிலேயே பேசிக் காட்டினேன். அன்று அந்தப் பெண்ணுக்கு அம்மாவின் மடி வேண்டியிருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

வெளியே வந்தோம். சித்தி பெஞ்சிலிருந்து எழுந்து இரண்டு கையையும் நீட்டினாள். சின்னவள் அந்தக் கைகளில் படாமல் ஒதுங்கி நடந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள், முகத்தைப் பார்க்காமலே.

அவளை ஆட்டோவில் ஏற்றி நானும் ஏறிக்கொண்டேன். சித்தி படியில் வேகமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள். மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என் பக்கத்தில் இருந்த பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். கை கம்பியைப் பிடித்துவிட்டது, இறங்கத்தான் பார்த்தாள்.

"நீங்க போங்கண்ணா" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னது நான்தான்.