டேட் ஸ்லிப்புக்கு அடியில் இருந்த அறிவித்தல்

1. இரண்டு பெட்டி

ஓய்வு பெற மூன்று மாதம் இருக்கும்போதுதான் நான் 'ஆபாச நூல்' விவகாரத்தில் மாட்டினேன். அப்போது கல்முனைப் பக்கத்துப் பொது நூலகம் ஒன்றில் நூலகராக இருந்தேன். ஜப்பானில் வேலை செய்துவிட்டு வந்த மருதமுனைக்காரர் ஒருவர் இரண்டு பெட்டி மங்கா கொண்டுவந்து அன்பளிப்பாகத் தந்தார். மங்கா என்பது ஜப்பான்காரரின் படக்கதை. இவை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவை.

"மிஸ், இது சின்னப் புள்ளைகள்ற இல்ல. பெரியாக்கள் வாசிக்கிற," என்றார்.

நான் ரெஜிஸ்டரில் 'வயது வந்தோருக்கான ஜப்பான் படக்கதை, நாற்பது' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஜப்பானில் வயது வந்தவர் என்றால் வேலைக்குப் போகிறவர், வீட்டில் நோயாளியைப் பார்க்கிறவர், தாய் தகப்பனை இழந்தவர். நம்மூரில் அப்படி எழுதினால் எல்லோருக்கும் ஒரே விஷயம்தான் ஞாபகம் வரும்.

நூல் தெரிவுக் குழுவைக் கூட்ட வழக்கமாக நான் மூன்று கடிதம் எழுத வேண்டும். இம்முறை ஒன்றுமே எழுதவில்லை. நேரத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

2. மதிப்பீடு

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு பக்கம் விடாமல் வாசித்திருந்தார். எந்தக் கூட்டத்திலும் அவருக்கு வீட்டிலிருந்து நாலைந்து முறை டெலிபோன் கோல் வரும். "நான்தான், நான்தான்" என்றபடி வெளியே ஓடுவார். மனைவிக்கு அப்படிப் பயம் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

"முதல் பக்கத்துலயே ஒரு பொம்புள ஒரு ஆம்புளயப் பாத்து, நீங்க ஆரெண்டு கேக்கிறா," என்று தொடங்கினார். "பிறகு பாத்தா அவன் அவட வாயில சோறு தீத்துறான். ஆரெண்டே தெரியாதவனோட ஒரே வீட்டுல குடும்பம்! கலியாணம் கடைசிப் பக்கத்துலதான் நடக்குது. இதையா மிஸ் நம்மட ஊருக்குள்ள குடுக்கப்போறீங்க?"

"அஸ்தஃபிருல்லாஹ்," என்றார்கள் மற்றவர்கள். உறுதிப்படுத்திக்கொள்ள ஆளுக்கொரு புத்தகம் எடுத்தார்கள். யாரும் சீக்கிரம் கீழே வைக்கவில்லை.

புத்தகங்களைத் திருப்பி அனுப்புவது, என்னிடம் விளக்கக் கடிதம் கேட்பது என்று முடிவாகிக்கொண்டிருந்தது. முப்பது வருடம் கறையில்லாத பைல். எனக்கு அழுகை வந்தது.

குழுவில் இருந்த ஜெசீமா டீச்சர் மட்டும் இதில் சேரவில்லை. பெண்கள் மத்ரஸாவில் அரபு படிப்பிப்பவர், நான் அதிகம் பயந்தது அவருக்குத்தான். தலைவர் வைத்த அதே புத்தகத்தை எடுத்து, பழக்கதோஷத்தில் வலப்பக்கமாகத் திறந்து, அவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"சேர், கதை கலியாணத்துலதான் தொடங்குது. நீங்க கடைசில இருந்து வாசிச்சிருக்கீங்க."

"இங்கிலீஸ் புத்தகத்தை இடப்பக்கத்தால வாசிக்காம வேறெப்படி டீச்சர் வாசிக்கிற?"

டீச்சர், தலைவருடைய 'முதல் பக்கத்தில்' நான் ஒட்டியிருந்த, திருப்பித் தரும் திகதி போடும் டேட் ஸ்லிப்பை நகத்தால் உரித்தார். அதற்கடியில் பெரிய எழுத்தில் ஓர் ஆங்கில அறிவித்தல்: நில்லுங்கள், இது கடைசிப் பக்கம், புத்தகத்தைத் திருப்பி வலப்பக்கமாகத் திறவுங்கள். நாற்பது புத்தகத்திலும் அந்த அறிவித்தலை நான்தான் பசை பூசி மறைத்திருந்தேன். ஐந்து வயதிலிருந்து குர்ஆனை வலப்பக்கமாகத் திறப்பவர்கள் நாங்கள். ஆங்கில எழுத்தைக் கண்டதும் அந்தப் புத்தி எங்கே போனதோ!

"பொஞ்சாதிக்கு எல்லாம் மறந்துபோற வருத்தம் சேர்," என்றார் டீச்சர். "கடைசில மாப்புளயையே ஆரெண்டு கேக்கிறா. அவர் அவவ உட்டுட்டுப் போகல்ல. அவ்வளவுதான் கதை."

தலைவருக்குக் கோல் வந்தது, எழுந்து போய்விட்டார். மற்றவர்கள் பிழையை ஒத்துக்கொள்வார்களா? புத்தகங்கள் நல்லவை, படம் இருப்பதால் சிறுவர் பகுதிக்கு உரியவை என்று தீர்மானம் எழுதினார்கள். அவர்கள் போனதும் நான் பெரியவர்களுக்கான புத்தக இறாக்கையில் அடுக்கினேன். குழு உறுப்பினர் எவரும் இறாக்கைப் பக்கம் வருவதில்லை என்பது எனக்குத் தெரியும்.

3. மறுபடி பசை

அடுத்த வாரம் முழுக்க டேட் ஸ்லிப்புகளை உரித்து மறுபக்கத்தில் ஒட்டினேன். ஒருநாள் தலைவர் தனியாக வந்தார்.

"அந்தப் புத்தகம் இரிக்கா புள்ள?"

எடுத்துக் கொடுத்தேன். "இப்ப சரியான பக்கத்துல ஒட்டியிரிக்கன் சேர்," என்று கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன்.

அவர் இடப்பக்கம் திறந்து, அந்த அறிவித்தலைப் பார்த்தபடி நின்றார்.

"இது கண்ணுல படாம பழையபடி ஒட்டித் தரலுமா?"

"அது பிழையான பக்கமே சேர்."

"தெரியும் புள்ள. என்ட வீட்டுல அவ ஒரு வருசமா என்னை ஆரெண்டு கேக்கிறா. கோல் எடுத்தும் அதைத்தான் கேக்கிற. இந்தப் பக்கமா வாசிச்சா, கதைல அந்தப் பொம்புளக்குக் கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் ஞாபகம் வருது."

அந்தக் கோல்களுக்கு நான் எத்தனை முறை சிரித்திருப்பேன்! வெட்கத்தில் தலை நிமிரவில்லை. பசைப் போத்தலைத் திறந்து, அந்த அறிவித்தலின் மேல் டேட் ஸ்லிப்பை மறுபடி ஒட்டினேன்.

இளம் நூலகர்களே, ஒட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசியுங்கள். வாசித்த பிறகும் ஒட்டச் சொல்லி ஒருவர் கேட்டால், ஒட்டிக் கொடுங்கள். திருப்பித் தரும் திகதியை மட்டும் போடாதீர்கள்.