அம்பாசடருக்குள் ஒரு கூடு

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருகிறவர் பெட்டியில் என்ன இருக்கும் என்று லப்பைக்குடிகாட்டில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கம்பளி, அத்தர், பால் பவுடர், டார்ச் லைட், தலைவலித் தைலம். என் அக்காவின் கணவர் அந்த முறை கொண்டுவந்த பெட்டியில் இவற்றோடு கறுப்பு நுரை உறைகளும் இருந்தன. கை நீளம், நடுவில் குழாய் நுழைகிற ஓட்டை. அக்காவின் மகனும் மகளும் அவற்றை எடுத்து வாள் சண்டை போட்டார்கள். மச்சான் அதட்டவில்லை. "அடிச்சுக்கங்க. அடி வாங்கத்தான் அத செஞ்சிருக்கு" என்றார்.

மச்சானுக்கு ஷார்ஜாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வெல்டர் வேலை. மணல் மேடுகளில் பந்தயம் போகும் கார்களுக்குள் இரும்புக் குழாயால் கூடு கட்டுவார்கள். கார் உருண்டால் கூரை நசுங்கி உள்ளே இருப்பவர்மேல் இறங்காமல் அந்தக் கூடு தாங்கிக்கொள்ளும். அவர் வைத்த வெல்டிங் பற்றுகளின் போட்டோக்களைக் காட்டியிருக்கிறார். மீன் செதிலை வரிசையாக அடுக்கியது போல ஒரே அளவு, ஒரே சாய்வு. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். தினமும் நிறைய வெல்டிங்கைப் பார்க்கிறவள். அந்தப் போட்டோக்களைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் வெகுநேரம் வைத்திருந்தேன்.

இப்போது அப்படி ஒரு கூட்டை எங்கள் பழைய அம்பாசடருக்குள் கட்ட வேண்டும் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. முந்தைய விடுமுறையில் அவரும் அவருடைய அறைத் தோழரும் ஒன்றாக ஊர் திரும்பினார்கள். திருச்சி விமான நிலையத்திலிருந்து இரண்டு கார்கள். நான்குவழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த காலம். பாடாலூரைத் தாண்டி ஒரு மாற்றுப் பாதையில் முன்னால் போன கார் பள்ளத்தில் உருண்டது. பின்னால் வந்த மச்சான்தான் தோழரை வெளியே இழுத்தார். கூரை சீட்டின் உயரத்துக்கு இறங்கியிருந்ததாம், உயிர் இல்லை. அவர் இதை யாரிடமும் பேசியதில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும்.

அக்கா கார் ஓட்டுவாள். எங்கள் தெருவில் அப்போது கார் ஓட்டிய ஒரே பெண். அவள் மகனுக்கு இழுப்பு உண்டு. எப்போது மூச்சு முட்டும் என்று சொல்ல முடியாது. ஆள் தேடி, டிரைவர் தேடிக் காத்திருந்து சலித்தவள், மச்சான் அங்கே இருக்கும்போதே பழகி, லைசென்ஸ் வாங்கி, பெரம்பலூர் மருத்துவரிடம் தானே கொண்டுபோக ஆரம்பித்தாள். கரும்பு டிராக்டர், சுண்ணாம்புக்கல் லாரி, எதிர்த் திசையில் வரும் பஸ் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரே சீராக ஓட்டுவாள். மச்சான் திரும்பிப் போன பிறகும் அந்தச் சாலையில் அவளும் பிள்ளைகளும்தான். அவர் கவலை அதுதான்.

"இன்ஜினியர் மேடம், நீ சொல்லு. கட்டலாமா, வேணாமா?" என்று என்னைக் கேட்டார்.

எதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பது என் பழக்கம். குழாய் தண்ணீர்க் குழாயாக இருக்கக் கூடாது, இணைப்புத் தடமில்லாத சீம்லெஸ் வேண்டும். கூட்டின் கால்கள் நிற்கிற இடத்தில் தரைத்தகடு துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவு திறந்து ஏற இடம் வேண்டும். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் தயாராக இருந்தது. கடைசியாகத் தலையைப் பற்றிக் கேட்டேன். பந்தயக்காரர் ஹெல்மெட் போட்டிருப்பார், நம் ஆட்கள்? அவர் நுரை உறையை எடுத்துக் காட்டினார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். அவ்வளவாக அமுங்கவில்லை.

"கெட்டியா இருக்கே மச்சான்."

"ஹெல்மெட் போட்ட தலைக்குன்னு செஞ்சது. கெட்டியாத்தான் இருக்கும்" என்றவர், அதைத் தன் நெற்றியில் தட்டிப் பார்த்தார். "சரி, மொதல்ல மாதிரி கட்டிப் பாப்போம்."

அவர்கள் ஒர்க்‌ஷாப்பில் அதுதான் முறையாம். இரும்பைத் தொடும் முன் வெள்ளை பி.வி.சி. குழாயில் முழுக் கூட்டையும் வண்டிக்குள் கட்டிப் பார்ப்பார்கள். அரியலூரில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறையில் இரும்புக் குழாய்க்குச் சொல்லி வைத்துவிட்டு, வீட்டு வாசலில் வேலையைத் தொடங்கினார். பி.வி.சி.யில் மணல் நிரப்பி, சூடு காட்டி, நசுங்காமல் வளைத்தார். கூரையின் வளைவோடு குழாய் ஒட்டிக்கொண்டு போனது. விரல் நுழைய இடமில்லை. பார்க்க வந்தவர்கள், காருக்குள் போர் போட்டிருக்கிறாயா, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இதற்குள் எதிர் வீட்டுப் பையன் முதல் முறையாகச் சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம், கிளம்பினான். எங்கள் ஊரில் சபர் போகிறவரைத் தனியாக அனுப்புவதில்லை. வண்டி எத்தனை பேரை ஏற்றுமோ அத்தனை பேரும் விமான நிலையம் வரை போய், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதுவிட்டுத்தான் திரும்புவார்கள். வண்டி எங்களுடையது. கூட்டைக் கழற்ற நேரமில்லை, அதோடு கிளம்பினோம்.

மச்சான் ஓட்டினார். முன்னால் அவர் பக்கத்தில் பயணக்காரப் பையனும் அவன் அத்தாவும், மடியில் அக்கா மகளும். பின்னால் பையனின் அம்மா, மச்சானின் அம்மாவான மாமி, அக்கா, நான். எங்கள் முழங்கால்களுக்கு நடுவில் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு அக்கா மகன். மேலே கேரியரில் பெட்டிகள்.

திருமாந்துறையைத் தாண்டியதும் எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் குறுக்கு வழியிலிருந்து சாலையில் ஏறியது. மச்சான் பிரேக்கை அழுத்தினார். வண்டி பத்திரமாக நின்றது. உள்ளே மட்டும் டொக், டொக் என்று அடுத்தடுத்துச் சத்தம். மகனின் நெற்றி ஒரு குழாயில், மாமியின் நெற்றியோரம் இன்னொரு குழாயில், பையனின் அத்தா தலை கதவோரக் குழாயில். ஒரு குழாய் இணைப்பிலிருந்து கழன்று என் மடியில் விழுந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

மாமி தலையைத் தடவிக்கொண்டே, "ஏந்தம்பி, இது பிளாஸ்டிக்கு. நீ இரும்புல போட்டதுக்கப்புறம் எம் மண்டைய எங்க வச்சுக்கட்டும்?" என்றார்.

மச்சான் சிரிக்கவில்லை. ஓரமாக நிறுத்தி இறங்கி வந்து, மகனின் நெற்றியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. திருச்சியிலிருந்து திரும்பும்போது சமயபுரத்தில் டீக்கு நிறுத்திய இடத்தில் என்னிடம் சொன்னார்.

"அங்க ரெண்டே பேரு. ரெண்டு பேருக்கும் ஹெல்மெட்டு. தோள்லேர்ந்து இறுக்கிக் கட்டிருவோம், அசைய முடியாது. நான் வூட்டு வண்டிய வெறும் வண்டியா நிறுத்தி அளவெடுத்துட்டேன். ஆளு ஏத்தி அளவெடுக்கல."

"அப்ப வேணாமா?"

"வேணாம். உருண்டாத்தான் இந்தக் கூடு காப்பாத்தும். பிரேக் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் இது அடிக்கும்."

அவ்வளவுதான். இத்தனை காலம் கையில் பழகிய வேலை, ஆசையோடு தொடங்கியது. அதைத் தானே வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் போதுமாக இருந்தது. எங்கள் ஆலையில் தவறான அளவை ஒப்புக்கொள்ள மூன்று கூட்டம் போடுவார்கள்.

மறுநாளே கூட்டைக் கழற்றிவிட்டு, பட்டறையில் சொன்ன இரும்புக் குழாயையும் வேண்டாம் என்றார். மிச்சமிருந்த விடுமுறையில் சீட் பெல்ட்டில் இறங்கினார். அந்தப் பழைய வண்டியில் பெல்ட்டே கிடையாது. திருச்சியில் புதிதாக வாங்கி, முன்னால் இரண்டு, பின்னால் மூன்று. பெல்ட் மாட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் தகட்டுக்குப் பின்னால் தடித்த பிளேட் வைத்து வெல்டு செய்தார். தரைக்கு அடியில் யாரும் பார்க்கப் போவதில்லை. அங்கேயும் அதே மீன் செதில் வரிசை. ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டி, காலால் உதைத்து, முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தார். மேல் கேரியரையும் கழற்றிப் போட்டுவிட்டார்.

பெல்ட் எத்தனையோ அத்தனை பேர்தான் வண்டியில் என்ற சட்டத்தைப் போட்டவள் அக்கா. இது சின்ன விஷயமில்லை. மச்சான் திரும்பிப் போகிற நாளில் அதை நடத்திக் காட்டினாள். அவர், மாமி, இரண்டு பிள்ளைகள், ஓட்டுவதற்கு அவள். வழியனுப்ப வந்த மற்ற சொந்தமெல்லாம் தெருவிலேயே நின்றார்கள், நானும்தான். மச்சானின் தாய்மாமன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமிக்கும் வருத்தம். "எம் மையத்தத் தூக்கக்கூட எண்ணித்தான் ஆளு கூப்புடுவா போல" என்றார். ஆனால் அதைச் சொன்னபோது பெல்ட்டை மாட்டிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் மகனுக்கு இழுப்பு வந்தது. மூச்சுக்குத் திணறுகிறவனுக்கு அக்கா முதலில் பெல்ட்டை மாட்டினாள், பிறகுதான் சாவி. பெரம்பலூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி சைகை காட்டாமல் திரும்பியது. பிரேக்கில் ஏறி நின்றிருக்கிறாள். டயர் தீய்ந்த வாடை வந்ததாம். லாரிக்கும் வண்டிக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற இடம். மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள், மூச்சு சீரானது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் போன் செய்தபோது நானும் வீட்டில் இருந்தேன். அக்கா செல்போனை ஸ்பீக்கரில் போட்டு நடந்ததைச் சொன்னாள். எவ்வளவு வேகத்தில் போனாய் என்று கேட்பார் என நினைத்தேன்.

"பெல்ட்டு பட்ட எடம் தோள்ல செவந்துருக்கா?"

அக்கா மகனைக் கூப்பிட்டுச் சட்டைக் காலரை விலக்கினாள். தோளிலிருந்து நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கோடு, இன்னும் மறையாமல்.

"செவந்துருக்கு" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மச்சான். "பெல்ட்டு இழுத்துப் புடிச்சிருக்கு."