புளியம்பூ பார்டரும் புரண்டெழுந்த கம்ப்யூட்டரும்

எனக்கு இருக்கிற வியாதிகளில் முக்கியமானது பதற்றம். சர்க்கரைக்காவது மாத்திரை உண்டு. அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, நாலு தெரு தள்ளி ஆம்புலன்ஸ் ஊதிக்கொண்டு போனாலும் சரி, வீட்டில் முதலில் எழுந்து நிற்பவன் நான்தான். எழுந்து எதுவும் செய்வதில்லை. நிற்பேன், அவ்வளவுதான். என் மனைவிக்கு இது பழகிப்போன காட்சி. நின்னது போதும், உக்காருங்க என்பாள். உட்கார்ந்துகொள்வேன்.

அன்றைக்கு நான் நின்றது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்காக.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வாங்கியது நான், வேலை செய்வது அவள். கருமத்தம்பட்டிப் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர்களுக்கு அவள் சேலை டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். அவர்கள் ஏதாவது ஒரு பார்டரைப் படம் பிடித்து அனுப்புவார்கள். அவள் அதைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்பி, எந்த இழை மேலே எந்த இழை கீழே என்று தறிக்குப் புரிகிற பாஷையில் மாற்றுவாள். அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். அட்டை தறியில் ஏறினால் சேலையில் பூ விழும். இத்தனை வருஷமும் விழுந்தது மாங்காயும் மயிலும் ருத்ராட்சமும்தான். யாரோ எப்போதோ போட்டதையே இவள் கொஞ்சம் பெரிசாக்கி, கொஞ்சம் சிறிசாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை அவளே ஒன்று வரைந்திருந்தாள். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது தோளில் விழுந்த புளியம்பூ. வெளிர் மஞ்சள் இதழில் சிவப்பு நரம்பு ஓடும் பூ. அதைக் கைப்பைக்குள் போட்டு எடுத்து வந்துவிட்டாள். நான் அதைப் பார்த்துவிட்டு ரசத்துக்கா என்று கேட்டேன். அதற்கப்புறம் பல வாரம், சமையல் முடிந்த நேரமெல்லாம் அந்தப் பூவோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் அதைக் காட்டிய தறிக்காரர் வயதில் பெரியவர். படத்தைப் பார்த்துவிட்டு, புளியம்பூவைக் கல்யாணத்துக்குக் கட்டுவாங்களா அம்மணி என்று ரொம்ப நேரம் சந்தேகப்பட்டாராம். கடைசியில் மனசு இறங்கி, ஆயுத பூசை லீவு முடிந்ததும் ஒரு தறி சும்மா நிற்கும், அதில் போட்டுப் பார்க்கலாம் என்றார். கூடவே ஒரு கண்டிஷன்.

"திங்கக்கெழமை சாயந்தரம் வெளக்கு வெக்கறதுக்குள்ள வந்துருச்சுன்னா புளியம்பூ. வரலைன்னா மாங்கா. தறிய நிறுத்தி வெக்க முடியாதுங்க அம்மணி."

பார்டர் முடிந்திருந்தது. முந்தானைதான் பாக்கி. அதைத் திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று வைத்திருந்தாள். எங்கள் பம்ப் கம்பெனியில் லீவை ஒரு நாள் நீட்டியிருந்ததால் நானும் வீட்டில் இருந்தேன். அது அவளுடைய கெட்ட நேரம்.

முந்தானையின் முதல் பூ பாதி வந்ததும் திரை கறுத்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பெனி முத்திரை வந்தது, சக்கரம் சுற்றியது, ஒன்றுமே நடக்காத மாதிரி வால்பேப்பர் வந்தது. அவள் மறுபடி திறந்து, விட்ட இடத்தைத் தேடிப் பிடித்து, நாலு கட்டம் நிரப்பினாள். மறுக்கா கறுத்தது. உறக்கத்தில் புரண்டு புரண்டு படுக்கிற ஆள் மாதிரி விழுவதும் எழுவதுமாக இருந்தது.

நான் எழுந்து நின்றேன்.

நின்ற இடத்திலிருந்தே சிகிச்சையை ஆரம்பித்தேன். வைரஸ் என்றேன். அப்புறம் சூடு என்றேன். டேபிள் ஃபேனைக் கொண்டு வந்து கம்ப்யூட்டர் பெட்டிக்கு நேராக வைத்தேன். போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்தேன். அந்த ஆள் இந்தியில் பேசினார், எனக்கு இந்தி தெரியாது, ஆனாலும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து நிலைமை மோசம் என்று புரிந்துகொண்டேன். வீட்டுக்குள் கரண்ட் பற்றவில்லையோ என்று ஃபிரிட்ஜை நிறுத்தினேன். டிவி வயரைப் பிடுங்கினேன். மாவு ஆடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தப் போனபோதுதான் அவள் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். கிரைண்டர் பிழைத்தது.

இவ்வளவு நடந்தும் அவள் கோபப்படவில்லை. ஒரு இதழ் முடிந்தால் சேமிப்பது, அடுத்த இதழ் முடிந்தால் சேமிப்பது என்று பொறுமையாகப் போய்க்கொண்டிருந்தாள். ஆனால் பெட்டி விழுந்த வேகத்துக்கு அது ஈடு கொடுக்கவில்லை. அந்த டிசைன் சாப்ட்வேர் இந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். வேறு இடத்துக்கும் போக முடியாது.

பெட்டியை ஸ்கூட்டரில் கால் சந்தில் வைத்துக்கொண்டு கணபதி மெயின் ரோட்டிலிருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதை மேசைமேல் படுக்கப் போட்டு, பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி, தூசி ஊதினார். உள்ளே இருந்த பலகைகளைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். ஓட விட்டார். ஓடியது. நான் டீ குடித்துவிட்டு வந்தேன், ஓடியது. டீக்கடையில் பேப்பர் முழுக்கப் படித்துவிட்டு வந்தேன், இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி நீல விளக்கு வேறு எரிந்தது.

பெட்டியில ஒண்ணும் இல்லீங்க, உங்க ஊட்டுக் கரண்ட்டுலதான் ஏதோ கோளாறு என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. எங்க ஊட்டுல என்னங்க குறை, போன வாரம்தான் இதுக்கு முழு மரியாதையோட ஆயுத பூசை போட்டு, பொட்டு வெச்சு, பூ வெச்சு, பொரிகடலை படைச்சிருக்கேன் என்று சொன்னேன். அவர் பொட்டைப் பார்த்தார். ஆமாங்க, நல்லா வெச்சிருக்கீங்க என்றார். எங்கள் ஊரில் பொட்டு வைக்காத மெஷின்தான் ஆட்களுக்குக் கண்ணை உறுத்தும்.

வீட்டுக்கு வந்து பெட்டியை அதன் இடத்தில் நிறுத்தினேன். நல்லபடியாக ஓடியது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். முந்தானையில் இரண்டு பூ முழுசாக விழுந்தன. கடைக்காரர் கை ராசியான கை என்று நான் பாராட்டி முடித்து, தட்டில் ரசம் ஊற்றும்போது பக்கத்துப் பட்டறையில் சாப்பாட்டுக்கு நிறுத்தின வேலையை மறுபடி ஆரம்பித்தார்கள். டொம். திரை கறுத்தது.

அந்தப் பட்டறையைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். எங்களுக்கே அது மறந்துதான் போயிருந்தது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் பவர் பிரஸ் வைத்து இரும்புத் தகட்டில் வாஷர் அடிக்கிறார்கள். ஒரு அடிக்கு ஒரு டொம். அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அது தலைக்குள் இடித்தது. இப்போதெல்லாம் அது நின்றால்தான் என்னவோ போலிருக்கும். பூசை லீவில் இத்தனை நாள் நின்றிருந்தது. இன்றைக்குத்தான் திறந்திருக்கிறார்கள்.

அப்பவே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிரஸ் கரண்ட்டை இழுக்கிறது, கம்ப்யூட்டருக்குப் போதாமல் போகிறது. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு சண்டைக்குப் புறப்பட்டேன்.

எங்கள் பக்கத்தில் சண்டைக்குப் போகிறவனுக்கும் முதலில் நாற்காலி போடுவார்கள். பட்டறைக்காரர் வாங்க வாங்க, சாப்டாச்சுங்களா என்றார். சாப்டாச்சுங்க, நீங்க சாப்டாச்சுங்களா என்றேன். அவர் பெண்ணின் படிப்பு, என் முழங்கால், கார்ப்பரேஷன் தண்ணீர் எல்லாவற்றையும் விசாரித்து முடித்துத்தான் என்னால் கோபப்படவே முடிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிரஸ்ஸுக்குத் தனி லைன், உங்க லைனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை என்றார். ஆனாலும் அம்மணி வேலை கெடக்கூடாது என்று அப்போதே பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னார். அதோடு தன் ஆபீஸ் அறையில் இருந்த யூபிஎஸ்ஸைக் கழற்றி, தானே தூக்கிக்கொண்டு என்கூட வந்தார்.

பெட்டியை யூபிஎஸ்ஸில் சொருகினோம். ஓடியது. இனி எந்தக் கரண்ட்டும் உன்னை அசைக்க முடியாது என்று அதற்குத் தைரியம் சொன்னேன். பட்டறைக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தார். டொம்.

திரை கறுத்தது.

பட்டறைக்காரரும் நானும் யூபிஎஸ்ஸையே பார்த்தோம். வெயில் ஜன்னல் கம்பியை விட்டு இறங்கிச் சுவரில் சாய ஆரம்பித்திருந்தது. என் மனைவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எனக்கு நிற்கவும் தெரியவில்லை, உட்காரவும் தெரியவில்லை. நான் எழவு வீட்டில் சொல்கிற மாதிரி, போனது போகட்டும் கண்ணு, மாங்காயும் நல்லாத்தான இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

"எனக்கு மாங்கா வேண்டாமுங்க," என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மாங்காய் ஊறுகாய் வேண்டாம் என்கிற மாதிரிதான் சொன்னாள்.

பட்டறைக்காரரிடம் இன்னொரு தடவை அடிக்கச் சொல்லுங்கண்ணா என்று கேட்டாள். அவர் குரல் கொடுத்தார். இந்தத் தடவை அவள் திரையைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தாள். டொம் என்றதும் அதன் தலையில் ஒட்டியிருந்த காய்ந்த செவ்வந்தி இதழ் லேசாக நடுங்கியது. ஆடுதுங்க இது என்று சொல்லிக்கொண்டே, ஆடாமல் பிடிக்க அதன் தலைமேல் உள்ளங்கையை வைத்தாள். வைத்த நொடியில், எழுந்துகொண்டிருந்த பெட்டி மறுபடி விழுந்தது. கையை எடுத்தாள், எழுந்தது. வைத்தாள், விழுந்தது. தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணப் பண்ண மயக்கம் போடுகிற பக்தன் மாதிரி.

அவள் செவ்வந்தி இதழை எடுத்தாள். அதற்குக் கீழே குங்குமம் இருந்தது. குங்குமத்துக்குக் கீழே, கல்லாக இறுகின சந்தனம்.

"ஏனுங்க, இந்தப் பொட்ட எது மேலங்க வெச்சீங்க?"

நான் எங்கே வைத்தேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கம்பெனியில் ஆயுத பூசை என்றால் எந்த மெஷினுக்கும் முதல் பொட்டு சுவிட்சுக்குத்தான். மெஷினின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் சித்தாந்தம். லேத்தின் பச்சைப் பொத்தான் கட்டைவிரல் அகலம், எவ்வளவு சந்தனம் அப்பினாலும் தாங்கும். இந்தக் கம்ப்யூட்டருக்குச் சுவிட்சு தலை உச்சியிலேயே இருந்தது. பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருந்தது. பன்னீர் விட்டுத் தாராளமாகக் குழைத்து, பெரிய பொத்தானுக்கு ஒன்று, பக்கத்திலிருந்த துவரம்பருப்பளவு சின்னப் பொத்தானுக்கு ஒன்று என்று குறையில்லாமல் வைத்தேன். அந்தச் சின்னது, கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்ப எழுப்புகிற பொத்தான். சந்தனம் அதன் சந்துக்குள் இறங்கி, அதைப் பாதி அமுக்கிப் பிடித்து, அப்படியே காய்ந்திருக்கிறது. மீதிப் பாதியை ஒவ்வொரு டொம்மும் அமுக்கிக்கொண்டிருந்தது. கடையில் படுத்துக் கிடந்தபோது அதை அமுக்க யாருமில்லை.

பட்டறைக்காரர் சிரிக்கக்கூடாது என்று மிகவும் முயற்சி செய்தார். யூபிஎஸ்ஸைக் குனிந்து பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். முதுகு குலுங்கியது.

அவள் பெட்டியை அணைத்தாள். ஈரத்துணியை மடித்துப் பொட்டின்மேல் கொஞ்ச நேரம் வைத்து ஊறவிட்டாள். பிறகு பூசை அலமாரியிலிருந்து எரிந்து தீர்ந்த ஊதுபத்திக் குச்சியை எடுத்துப் பொத்தானின் சந்தில் சுரண்டினாள். மஞ்சள் மஞ்சளாக வந்தது. கடைசியில் டிக் என்று ஒரு சின்னச் சத்தம். பொத்தான் மேலே வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் காய விட்டு, பெட்டியை எழுப்பினாள். பட்டறைக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் போய், அடிக்கட்டுமாங்க என்று கேட்டார்.

டொம். திரையில் புளியம்பூ அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் பிரஸ் சத்தமும் மவுஸ் சத்தமும்தான். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நின்னது போதும் என்று அவள் சொல்லவில்லை. அதுவே பயமாக இருந்ததால் நானாகவே போய் வாசல்படியில் உட்கார்ந்தேன். தெருவிளக்கு எரிவதற்குத் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அனுப்பியாச்சு என்றாள். கொஞ்ச நேரத்தில் தறிக்காரர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்துருச்சுங்க அம்மணி. மாங்கா அட்டையக் கழட்டி உள்ள வெச்சுப்போட்டேன்."

மறுவாரம் இரண்டு பேரும் கருமத்தம்பட்டிக்குப் பஸ் ஏறினோம். தறிக் கொட்டகைக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. தறிக்காரர் கையைக் காட்டினார். அரக்குச் சேலையின் ஓரத்தில், வெளிர் மஞ்சளில் சிவப்பு நரம்பு ஓட, ஒரு பூ விழுந்து முடிந்து அடுத்த பூ பாதியில் இருந்தது. என் மனைவி துணியைத் தொடவில்லை. பஸ் ஸ்டாப்பில் பூ விழுந்த தோளின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். தறிக்காரர் அவள் காதருகே குனிந்து, இதையே இன்னொரு தறிக்கும் ஏத்தலாமுங்களா என்று கேட்டார். கேட்கவில்லை என்கிற மாதிரி அவரை இரண்டாவது தடவை சொல்லவைத்தாள். அவளுக்கு நன்றாகக் கேட்டது. எனக்குத் தெரியும்.

அப்போதுதான் தறிக்குப் பக்கத்துத் தூணில் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தேன். பச்சைப் பொத்தானிலும் சிவப்புப் பொத்தானிலும் பொட்டு. சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் காய்ந்த செவ்வந்தி. என்னைவிடத் தாராளமான கை. பொத்தான் அமுங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க நான் ஒரு அடி முன்னால் வைத்திருப்பேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள்.

தறிச் சத்தத்துக்கு மேலே என் காதில் வாய் வைத்துச் சொன்னாள்.

"முந்தானை முடியற வரைக்கும் கையப் பின்னாடி கட்டிக்குங்க."

கட்டிக்கொண்டு நின்றேன்.